பாராட்டு ஓய்ந்த பிறகு: உடல் பருமன் அறுவை சிகிச்சையும் மனநலமும் சக ஆதரவும்

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை என்று பேச்செடுத்தால், நம் வீடுகளில் இரண்டு கேள்விகள்தாம் உடனே எழும்: எத்தனை கிலோ குறையும், எவ்வளவு செலவாகும். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆனவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் வேறொன்று. தழும்பு ஆறி, சட்டையின் அளவு இரண்டு மூன்று படி இறங்கி, சுற்றியிருப்பவர்களின் வியப்பும் பாராட்டும் ஓய்ந்த பிறகு, எடை குறைவது நின்றுபோய், பசி மெல்லத் திரும்பும் காலத்தில், "இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஏன் இப்படிக் கனக்கிறது" என்ற கேள்வி தலைதூக்குகிறது. இது வழக்கமாக இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நேர்கிறது. மருத்துவமனைக்குச் செல்லும் தவணைகள் குறைந்துபோவதும் அதே காலத்தில்தான்.

அந்த இடைவெளியில், இதே சிகிச்சையைச் செய்துகொண்டு சில ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவர்களின் துணைக்கு, அதாவது சக ஆதரவுக்கு, மருத்துவராலோ குடும்பத்தாராலோ ஈடுசெய்ய முடியாத பங்கு உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்களிடையே அந்தத் துணை கிட்டாமல் போவதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. இந்த அறுவை சிகிச்சையைப் பலர் நெருங்கிய உறவினரிடம்கூடச் சொல்லாமல் செய்துகொள்கிறார்கள். சொல்லாத ஒன்றுக்கு ஆறுதல் கேட்க முடியாது.

இங்குள்ள நிலவரம்

நம் சமூகத்துக்கு இது தொலைவில் உள்ள பிரச்சினை அன்று. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூரர்களில் உடல் பருமன் உள்ளவர்கள், அதாவது பிஎம்ஐ எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் 30 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள், இந்தியர்களிடையே 16.9 விழுக்காடாகவும் மலாய்க்காரர்களிடையே 24 விழுக்காடாகவும் சீனர்களிடையே 7.9 விழுக்காடாகவும் இருந்தார்கள். அதே ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையே 17.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. மக்கள்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டால், உடல் பருமன் உள்ளவர்களின் விகிதம் 2019-2020இல் 10.5 விழுக்காடாக இருந்து 2021-2022இல் 11.6 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் வருவதால், அறுவை சிகிச்சைக்கான வரம்பும் இங்கே மேற்கு நாடுகளைவிடத் தாழ்வாக வைக்கப்பட்டது. சுகாதார அமைச்சும் சுகாதார மேம்பாட்டு வாரியமும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகள், குறியீட்டெண் 37.5க்கு மேல் உள்ளவர்களுக்கும், நீரிழிவு போன்ற இணைநோய்கள் இருந்தால் 32.5க்கு மேல் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றன. மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும்போது மெடிசேவ் பணத்தையும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையும் இதற்குப் பயன்படுத்தலாம். அழகுக்காகச் செய்துகொள்ளும் ஒன்றாக இது கருதப்படவில்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று. ஆனாலும் "நாக்கைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாளாம்" என்ற பேச்சு நம்மிடையே இன்னும் இருக்கிறது.

உடலுக்குள் நடப்பது

மனத்தில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, வயிற்றில் என்ன நடக்கிறது என்பதைச் சிறிதளவாவது அறிந்திருக்க வேண்டும். 'ஸ்லீவ்' என்று எல்லாரும் அழைக்கும் முறையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலான பகுதி நீளவாக்கில் வெட்டி அகற்றப்பட்டு, வாழைப்பழ அளவிலான குழாய் மட்டும் எஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதியும் அகற்றப்பட்டதோடு சேர்ந்து போய்விடுகிறது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்நுனியில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. ஜிஎல்பி-1 போன்ற, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் உணவுக்குப் பின் அதிகமாகச் சுரக்கின்றன. இரண்டிலுமே முதல் ஓராண்டு பசி அடங்கிக் கிடக்கிறது. வாழ்நாள் முழுவதும் பசியோடு போராடி வந்த ஒருவருக்கு அந்த அமைதி பெரும் விடுதலையாகத் தோன்றும். அந்த அமைதி முழுமையாக நிலைப்பதில்லை. உடல் புதிய நிலைக்குப் பழகிக்கொள்ளும்போது பசியும் ஓரளவு திரும்புகிறது. குறைந்த எடையில் ஒரு பகுதி மீண்டும் ஏறுவது மிகப் பலருக்கு நேர்வது. அதை மன உறுதி குன்றியதாகக் கொள்வது தவறு. இந்த ஒரு செய்தியை முன்கூட்டியே மனத்தில் பதிய வைத்திருந்தால், பின்னால் வரும் குற்றவுணர்வில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

முதல் சில வாரங்கள் வேறு விதமான சோதனை. முதலில் நீர் உணவு, பிறகு கூழாக அரைத்தது, பிறகு மிருதுவானது, அதற்கும் பிறகே கெட்டியான உணவு. வீட்டில் மற்றவர்கள் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது தான் மட்டும் புரதப் பானத்தை மெல்லச் சப்பிக்கொண்டிருக்க வேண்டிய அந்த நாள்களில், "ஏன்தான் இதைச் செய்துகொண்டேனோ" என்று அழுதவர்கள் ஏராளம். மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொட்டும். உடல் வேகமாக எடை இழக்கும்போது வரும் இந்த முடியுதிர்வு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்றாலும், குளியலறையில் கைநிறைய முடி வந்தால், அதிலும் நீண்ட பின்னலோடு வாழ்ந்து பழகிய பெண்ணுக்கு, அந்த விளக்கம் ஆறுதல் தராது. "எனக்கும் இப்படித்தான் கொட்டியது, இப்போது பார்" என்று தன் கூந்தலைக் காட்டும் இன்னொருத்தி அங்கே பத்து விளக்கங்களுக்குச் சமம்.

பந்தியில் உட்காரும்போது

உணவு நம்மிடையே பசிக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. வந்தவரை "வாங்க" என்று சொன்ன அடுத்த மூச்சில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கும் பண்பாடு இது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு திருமண மண்டபத்தில் வாழையிலைக்கு முன் அமரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய இரைப்பை நான்கைந்து வாய் சோற்றுக்கு மேல் ஏற்காது. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. முதலில் புரதம், பிறகே மற்றவை. பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு நிற்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் அத்தை, "என்னம்மா, கோழி கொத்துற மாதிரி கொறிக்கிற? எங்க வீட்டுக் கல்யாணச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று உரிமையோடு கடிந்துகொள்கிறார். மறுக்க மனமில்லாமல் ஒரு கிண்ணம் பாயசத்தைக் குடித்துவிட்டால், பைபாஸ் செய்துகொண்டவருக்குப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைப் பிடித்து இழுத்து, தலை சுற்றி, படுத்துக்கொள்ள இடம் தேட வேண்டிய நிலை வரலாம். இனிப்பு சிறுகுடலுக்குள் திடீரென்று இறங்குவதால் ஏற்படும் இந்த விளைவை மருத்துவர்கள் 'டம்பிங்' என்கிறார்கள். அதைவிட வருத்துவது, எழுந்து போவதற்குச் சொல்லவேண்டிய பொய்.

மறைப்பதற்கான காரணங்களை நான் எளிதாகக் கடிந்துகொள்ள மாட்டேன். நம்மிடையே ஒருவர் திடீரென்று இளைத்தால் முதலில் எழுவது பாராட்டன்று, கவலையே. "என்ன, சுகர் கூடிப்போச்சா? டாக்டரைப் பார்த்தியா?" என்று தேக்கா சந்தையில் மீன் வாங்கும் இடத்திலேயே கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், "அதுக்குப் போய் ஆப்ரேஷனா? ரெண்டு மாசம் சோத்தைக் குறைச்சிருந்தா போதுமே" என்ற அறிவுரை வரும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணாக இருந்தால், செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தில் தாயே, "வெளியே யாருக்கும் மூச்சு விடாதே" என்று வாயடைத்துவிடுவார். ஆகவே 'உணவுக் கட்டுப்பாடு', 'ஜிம்' என்ற இரண்டு சொற்களுக்குள் முழுக் கதையும் மூடப்படுகிறது. எடை குறையும் வரை அந்த மூடி பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. எடை மீண்டும் ஏறத் தொடங்கும்போது, உதவி கேட்க வேண்டுமானால் முதலில் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது; அந்த இடத்தில் பலர் மௌனத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்று முப்பது, நாற்பது வயதுகளில் இருக்கும் சிங்கப்பூரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் நடந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தின்கீழ், எடை கூடிய மாணவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு, கூடுதல் உடற்பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட திட்டம்தான். ஆனால் நண்பர்கள் சிற்றுண்டிச் சாலையில் இருக்க, தான் மட்டும் திடலைச் சுற்றி ஓடியதை மறக்காதவர்கள் உண்டு. எடையின் பெயரால் ஒரு கூட்டத்தில் சேர்க்கப்படுவது என்றாலே அவமானம் என்று பத்து வயதில் பதிந்துபோன மனத்திடம், முப்பத்தைந்து வயதில் "ஆதரவுக் குழுவுக்கு வாருங்கள்" என்று அழைத்தால், உள்ளிருந்து ஏதோ ஒன்று பின்வாங்குவது வியப்பில்லை. குழுவை நடத்துபவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

கண்ணாடியும் கண்ணாடிக்கு அப்பாலும்

எடை குறையும் வேகத்துக்கு மனம் ஈடுகொடுப்பதில்லை. நாற்பது கிலோ இழந்த ஒருவர் பேருந்தில் காலியாக இருக்கும் ஓர் இருக்கையைப் பார்த்து, "நாம் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு இடிக்குமே" என்று இன்னும் நின்றுகொண்டே வருவார். துணிக்கடையில் பழைய அளவையே கை தேடும். வளையல் மணிக்கட்டைத் தாண்டி நழுவி விழும். மோதிரத்துக்கு நூல் சுற்ற வேண்டியிருக்கும். சேலை ரவிக்கைகளை எல்லாம் தையற்காரரிடம் கொண்டுபோய் உள்ளே பிடிக்கச் சொன்னால், மூன்று மாதத்தில் அவையும் தொளதொளவென்று ஆகிவிடும். அதே நேரம் வயிற்றிலும் கைகளிலும் தொடையிலும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். வியர்வையும் ஈரமும் குறையாத இந்த ஊரின் காற்றில் அந்த மடிப்புகளுக்குள் அரிப்பும் புண்ணும் வருவதுண்டு. மெலிந்த பிறகு தன் உடலை விரும்பலாம் என்று பல ஆண்டுகள் காத்திருந்தவருக்கு இது ஏமாற்றமாக முடிகிறது. அதை வெளியில் சொன்னாலோ, "இவ்வளவு குறைஞ்சும் திருப்தியில்லையா" என்பார்கள்.

இதற்கும் ஆழத்தில் இருப்பது, உணவு செய்துவந்த வேலை. வேலையிடத்தில் மேலாளரிடம் பட்ட அவமானத்தையும், வீட்டில் பேச முடியாத சண்டையையும், இரவு பத்து மணிக்கு ஒரு தட்டுப் பரோட்டாவும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும் ஆற்றிவந்தன என்றால், அந்தப் பழக்கத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. அது அவர் கண்டறிந்த மருந்து. அறுவை சிகிச்சை அந்த மருந்தைப் பறிக்கிறது. அது ஆற்றிவந்த வலியைத் தொடுவதேயில்லை. இந்தச் சிகிச்சைக்கு வருபவர்களின் மனநலம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, அவர்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் 17 விழுக்காட்டினருக்குக் கட்டுப்பாடிழந்து உண்ணும் கோளாறும் இருப்பதாகக் கணித்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் பெருந்தீனி முடியாது. ஆனால் நாள் முழுவதும் முறுக்கு, சிப்ஸ், ஐஸ்கிரீம் என்று சிறிது சிறிதாகக் கொறித்துக்கொண்டே இருப்பது முடியும். கட்டுப்பாடு கைநழுவும் உணர்வு அதே பழைய உணர்வுதான்.

சிலருக்கு அந்த வெற்றிடத்தில் மது வந்து அமர்கிறது. இதற்கு உடலியல் காரணமும் உண்டு. பைபாஸுக்குப் பிறகு மது இரைப்பையில் தங்காமல் சிறுகுடலுக்குப் பாய்வதால், இரத்தத்தில் அதன் அளவு முன்பைவிட விரைவாகவும் உயரமாகவும் ஏறுகிறது. முன்பு மூன்று கோப்பைக்கு ஏறிய போதை இப்போது ஒன்றுக்கே ஏறும். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் ஏறத்தாழ 2,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், மதுப்பழக்கக் கோளாறு சிகிச்சைக்கு முந்திய ஆண்டில் 7.6 விழுக்காட்டினரிடமும், அடுத்த ஆண்டில் 7.3 விழுக்காட்டினரிடமும், இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காட்டினரிடமும் இருந்தது. முதல் ஆண்டை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் நலம் என்றே எழுதியிருப்பார்கள். நம் ஆண்களிடையே மனக்கஷ்டத்தைச் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் பலவேளைகளில் மது மேசையாகவே இருப்பதால், இந்த எச்சரிக்கை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாம் ஆண்டுக்குப் பிந்திய சரிவு மதுவில் மட்டும் தெரிவதில்லை. 1987இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு நெடுங்கால ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் முதல் ஆண்டில் உச்சத்தைத் தொட்டு, ஆறாம் ஆண்டு வரை படிப்படியாக இறங்கி, அதன் பிறகு நிலைபெற்றது. பத்தாம் ஆண்டிலும் அது தொடக்க நிலையைவிட மேலாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 8,815 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வந்த ஆய்வு மேலும் கவலையளிப்பது: தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நிகழ்வுகள், சிகிச்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளைவிடப் பிந்திய மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தன, அவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலேயே மிகுதியாக நிகழ்ந்தன. அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே மனநலச் சிக்கல் இருந்தது. மொத்தத்தில் இத்தகைய நிகழ்வுகள் அரியவை. பலருக்கு முதல் ஆண்டுகளில் மனச்சோர்வு குறையவே செய்கிறது. இந்தச் சிகிச்சையை எண்ணி அஞ்ச வேண்டும் என்பதற்காக நான் இவற்றைக் குறிப்பிடவில்லை. நீரிழிவைக் கட்டுப்படுத்துவதிலும் ஆயுளை நீட்டிப்பதிலும் அதன் பயன் உறுதிப்பட்டது. கவனிப்பு தளரும் காலமும் ஆபத்து கூடும் காலமும் ஒன்றாக இருப்பதே நான் சுட்டிக்காட்ட விரும்புவது.

மணவாழ்க்கையும் ஆட்டம் காணலாம். அதே ஸ்வீடன் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஒரு கட்டுரை, துணையோடு இருந்தவர்களிடையே பிரிவும், தனியாக இருந்தவர்களிடையே புதிய உறவும் திருமணமும், சிகிச்சை செய்துகொள்ளாதவர்களைவிட அதிகமாக இருந்ததைக் காட்டியது. தன்னம்பிக்கை பெற்ற மனைவி முன்பு பொறுத்துப்போனதை இப்போது பொறுப்பதில்லை. சேர்ந்து சாப்பிடுவதே உறவின் மையமாக இருந்த கணவன் தான் கைவிடப்பட்டதாக உணர்கிறான். பெண்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. எடை குறைந்ததும் கருவுறும் வாய்ப்பு கூடுகிறது; ஆனால் மருத்துவர்கள் முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். "இப்பதான் இளைச்சாச்சே, எப்ப விசேஷம்?" என்று மாமியார் வீட்டில் கேட்கும்போது, சிகிச்சை பற்றியே சொல்லாதவர் என்ன பதில் சொல்வார்?

இங்கே ஒரு மருத்துவக் குறிப்பைத் தவிர்க்க முடியாது. சோர்வு, எரிச்சல், மறதி, அழுகை ஆகியவை எல்லாம் மனத்திலிருந்தே வருவதாக எண்ணிவிடக் கூடாது. பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவற்றின் குறைபாடு இதே அறிகுறிகளைக் காட்டும். சைவ உணவு உண்பவர்களுக்கு பி12 குறைபாடு முன்பிருந்தே இருக்கலாம். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குத் தடுமாற்றமும் குழப்பமும் வந்தால் அது தயமின் எனப்படும் பி1 குறைபாடாக இருக்கக்கூடும். அதற்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு, பைபாஸுக்குப் பின் அந்த மருந்து உடலில் சேரும் அளவே மாறலாம். எனவே மனம் சரியில்லை என்று தோன்றும்போது இரத்தப் பரிசோதனையும் மனநல மதிப்பீடும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

சக ஆதரவு செய்வதும் செய்யாததும்

மேலே சொன்ன ஒவ்வொன்றையும் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் உளவியலாளரும் விளக்க முடியும். ஆயினும் அவர்களிடம் செல்லும் நோயாளி, பரீட்சை எழுதுபவரைப் போல, நல்ல மதிப்பெண் வாங்கவே விரும்புகிறார். எடை ஏறியிருந்தால் தவணையைத் தள்ளிப்போடுகிறார். "குறைந்தது எவ்வளவு" என்று கேட்கும் இடத்துக்கு, குறையாதவர் எப்படிப் போவார்? சக ஆதரவு இந்தப் பயத்தை உடைக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை செய்துகொண்ட ஓர் அக்கா, "எனக்கும் மூணாவது வருஷத்துல எட்டுக் கிலோ ஏறுச்சும்மா. பயந்துகிட்டு ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. அதுதான் பெரிய தப்பு. நாளைக்கே போன் போட்டு அப்பாயின்மென்ட் எடு" என்று சொல்லும்போது, அந்தச் சொற்களுக்கு வேறு யாரும் தர முடியாத எடை இருக்கிறது. அவர் அறிவுரை சொல்லவில்லை, சான்று சொல்கிறார்.

நடைமுறை நுணுக்கங்களும் இப்படித்தான் கைமாறுகின்றன. பந்தியில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் கண்ணில் படாமல் மெல்லச் சாப்பிடலாம். "வயிறு சரியில்லை, டாக்டர் கொஞ்சமாச் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்ற முழுப் பொய்யல்லாத ஒரு வாக்கியம் எத்தனை கேள்விகளை நிறுத்தும். காப்பிக்கடையில் தோசையைவிட அவித்த முட்டையும் சுண்டலும் ஏன் வயிற்றுக்கு ஒத்துவரும். தைப்பூச விரதத்தின்போது புரதத்துக்கு என்ன செய்வது, அதை எப்போது உணவியல் வல்லுநரிடம் கேட்டாக வேண்டும். நூலில் கிடைக்காத இந்த அறிவு, வாழ்ந்து பார்த்தவரிடம் மட்டுமே இருக்கிறது.

ஆதரவுக் குழுக்களுக்குத் தொடர்ந்து செல்பவர்கள் எடையைக் கூடுதலாகக் குறைத்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதைச் சற்று நிதானத்தோடு வாசிக்க வேண்டும்: நன்றாக இருப்பவர்களே குழுவுக்கு வருகிறார்களா, குழுவுக்கு வருவதால் நன்றாக இருக்கிறார்களா என்பதை அத்தகைய ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கணக்கு முதன்மையானதாகவும் தோன்றவில்லை. எடை ஏறியவர் வெட்கமில்லாமல் வந்து உட்கார முடிகிறதா என்பதையே ஒரு குழுவின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

கெட்ட குழுக்களும் உண்டு. யார் எத்தனை கிலோ இழந்தார் என்ற அறிவிப்போடு தொடங்கி, முன்னும் பின்னுமான படங்களோடு முடியும் கூட்டம், தேங்கிப்போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். "வைட்டமின் மாத்திரையை நான் நிறுத்திவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் நல்ல எண்ணத்தோடு சொல்வது இன்னொருவரின் நரம்பைக் கெடுக்கலாம். ஆகையால் கிலோக் கணக்கைப் பேசாதிருத்தல், மருந்து பற்றி ஒருவருக்கொருவர் தீர்ப்புச் சொல்லாதிருத்தல், கேட்டதை வெளியே கொண்டுபோகாதிருத்தல் என்ற மூன்றும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். மூன்றாவது விதி நமக்கு மிக இன்றியமையாதது. சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம் சிறியது. குழுவில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தியாக இருக்க வாய்ப்புண்டு.

சக ஆதரவாளர் தாங்கக் கூடாத பாரமும் இருக்கிறது. தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் குலைந்திருப்பவர், தினமும் குடிப்பவர், உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பவர், வாழ்வதில் அர்த்தமில்லை என்று பேசுபவர் ஆகியோரைக் கேட்டு ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடாமல், கையோடு தொழில்முறை உதவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கான தேசிய உதவி எண்ணான 1771உம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் 995.

தமிழில் ஒரு துணை

சக ஆதரவு இந்த நாட்டுக்குப் புதிதன்று. மனநோயிலிருந்து மீண்டவர்களைச் சக ஆதரவு வல்லுநர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டத்தைத் தேசிய சமூக சேவை மன்றம் 2016இல் தொடங்கியது. சொந்த அனுபவத்தை எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது, தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய திறன்கள் என்பதை அந்த முயற்சி காட்டியிருக்கிறது. உடல் பருமன் சிகிச்சைக்கும் அதே அணுகுமுறை பொருந்தும்.

மொழியைப் பொறுத்தவரை, மருத்துவ விவரங்களை ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளும் நம்மவர்கள்கூட, வெட்கத்தையும் துக்கத்தையும் பேச வரும்போது தமிழுக்கே திரும்புகிறார்கள். தொங்கும் தோலைக் கணவர் பார்க்கக்கூடாது என்று விளக்கை அணைப்பதைப் பற்றி ஒரு பெண் முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவே ஆங்கிலத்தில் சொல்லப் போவதில்லை. தமிழிலும் சொல்ல மாட்டார். இன்னொரு பெண்ணிடம், தனியாக, தமிழில் சொல்லக்கூடும். எனவே நமக்கு வேண்டியது பெரிய மண்டபமும் பதாகையும் கொண்ட தமிழ்க் குழு அன்று என்று நினைக்கிறேன். ஒருவருக்கு ஒருவர் என்ற இணைப்பே முதலில் வேண்டும்: சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகளைக் கடந்த ஒருவர், சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவரோடு, பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண், இருவரின் சம்மதத்தோடும் இணைக்கப்பட வேண்டும். மருத்துவமனையில் நோயாளிகளை ஒருங்கிணைக்கும் தாதியால் இதைச் செய்ய முடியும். நோயாளியே வாய்விட்டுக் கேட்கவும் செய்யலாம்.

குடும்பத்திலிருந்தும் ஒருவரையாவது இந்த வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். எல்லாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மறைப்பது ஒருவரின் உரிமை. ஆனால் ஒருவர்கூட அறியாமல் செய்துகொள்ளும் சிகிச்சையில், பந்தியில் குறுக்கே பேசிக் காப்பாற்றவோ, மாத்திரை நின்றுபோனதைக் கவனிக்கவோ, முகம் வாடியிருப்பதற்குக் காரணம் கேட்கவோ ஆளில்லை. அந்த ஒருவர் கணவனாகவோ மனைவியாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணியாகவோ பக்கத்து வீட்டுத் தோழியாகவோ இருக்கலாம். அவரைச் சிகிச்சைக்கு முந்திய ஆலோசனைக்கே அழைத்துச் சென்றுவிட்டால், பின்னால் புதிதாக விளக்க வேண்டிய அவசியம் இராது.

இவையெல்லாம் அறுவை சிகிச்சைக்கு முன்பே நடக்க வேண்டும். எடை இறங்கிக்கொண்டிருக்கும் முதல் ஆண்டில் யாருக்கும் துணை தேவைப்படுவதாகத் தோன்றாது. எடை ஏறத் தொடங்கிய பிறகு புதிதாக ஒருவரைத் தேடிப்போகும் துணிவு இருக்காது. தொலைபேசியில் அந்த எண் முன்கூட்டியே பதிவாகியிருந்து, இடையிடையே தீபாவளி வாழ்த்தாவது பரிமாறப்பட்டு வந்திருந்தால், மூன்றாம் ஆண்டில் ஓர் இரவு, "அக்கா, கொஞ்சம் பேசலாமா" என்று கேட்பது அவ்வளவு கடினமாக இராது.